தட்டு தேயும்

கிறிஸ்மஸ் அன்று காலையில் என் அண்ணன் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வரும். கோயிலிலிருந்து வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். காற்றில் தூசி பறக்குமாம். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்கக் கூடாது, புகை ஏறுமாம். யாரும் எழுந்து நடக்கக் கூடாது; தரை அதிர்ந்தால் ஊசி துள்ளுமாம். பாதி சுட்ட முறுக்கை அப்படியே போட்டுவிட்டு, புதுத்துணிக்குள் முதுகில் வேர்வை வழிய, நாங்கள் எல்லாரும் கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்போம். அண்ணன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளே அலமாரியிலிருந்து ஒரு சின்ன இசைத்தட்டை ஏந்திக்கொண்டு வருவார். நற்கருணையை ஏந்தி வரும் ஃபாதர்கூட அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு பாட்டு. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். முடிந்ததும் தட்டு உறைக்குள் போய்விடும், உறை அலமாரிக்குள் போய்விடும், அடுத்த கிறிஸ்மஸ் வரை அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்று நான் ஒவ்வொரு வருசமும் கேட்பேன். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் கேட்பேன்.

"தட்டு தேயும்."

இந்த இரண்டு வார்த்தையைத் தன் சவப்பெட்டியில் எழுதச் சொன்னாலும் சொல்வார்.

அந்தத் தட்டில் பாடுவது எங்கள் அம்மா. மலாக்காவில், லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் இருந்த எஸ்டேட்டில் அம்மா கல்யாணமாகாத பெண்ணாக இருந்தபோது, கோயில் பாட்டுக்குழுவில் இருந்தார். அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் பெரிய ஆசைக்காரர். எஸ்டேட் லாரியைக் கேட்டு வாங்கி, குழுவை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வரை போய், ஒரு கிறிஸ்மஸ் பாட்டைப் பதிவு செய்து தட்டாகவே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முதல் வரியை அம்மா தனியாகப் பாடுவார். மெல்லிய, உச்சத்தில் நிற்கிற குரல். பிறகு பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். நடுவிலும் முடிவிலும் ஆண்கள் மட்டும் அடிக்குரலில் பதில் பாடுவார்கள். எஸ்டேட்டில் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்கொரு தட்டு கொடுத்தார்களாம். மற்ற வீட்டுத் தட்டுகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியாது. ஒன்று காப்பித்தூள் டின்னுக்கு மூடியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கெட்டுப்போகாமல் நாங்கள் அறிந்து மிச்சமிருப்பது எங்கள் வீட்டுத் தட்டுதான்.

லாரியை ஓட்டிக்கொண்டு போனவர் பிற்பாடு எங்கள் அப்பா ஆனவர். அவருக்கும் அந்தத் தட்டில் பங்கு உண்டு என்று அவரே சொல்வார். அப்பாவின் குரல் பழைய டிராக்டரை ஸ்டார்ட் செய்வது போல இருக்கும். ஆனால் அம்மா பாடுகிற அறைக்குள் எப்படியாவது போய்விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உபதேசியாரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். உபதேசியாரும் மனமிரங்கி, "சரி, பின் வரிசையில நில்லு. ஆனா பாடிடாதே. வாயை மட்டும் அசை" என்று சொல்லி உள்ளே விட்டாராம்.

இந்தக் கதையை அப்பா எத்தனை முறை சொன்னாலும் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்காது. "படம்னாக்கூடப் பரவாயில்லப்பா. தட்டுல வாயை அசைச்சா எவனுக்குலா தெரியும்?" என்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உலகத்திலேயே இசைத்தட்டில் வாயை அசைத்த ஒரே மனிதர் எங்கள் அப்பாதான் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறோம்.

இனி அண்ணனைப் பற்றி. அவர் வேலை கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டிருப்பவர். அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகும் இறங்குவதில்லை. புது சோபாவில், வாங்கி வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறது. உட்கார்ந்தால் சத்தம் போடும். நல்ல கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக்குக் காத்திருக்கின்றன. நான் விருந்தாளி இல்லையாம், தங்கச்சியாம். எனக்கு எவர்சில்வர் டம்ளர்தான்.

என் வேலை அதற்கு நேர் எதிர். புக்கிட் ரம்பாயில் சுவிட்ச் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். மின்சார விரல் மாதிரி ஒரு மெஷின் உண்டு. புது சுவிட்சை அதற்கடியில் வைத்தால் அது உடைகிற வரை டக் டக் என்று அமுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு பொருள் எப்போது சாகும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் எனக்கு எந்தப் பொருள் மேலும் பயம் கிடையாது. பொருள் என்றால் புழங்க வேண்டும், தேய வேண்டும், போய்ச் சேர வேண்டும். இந்த வீட்டில் இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே தாய் வயிற்றில் எப்படிப் பிறந்தார்கள் என்று அண்ணி அடிக்கடி ஆச்சரியப்படுவார்.

ஒருநாள் தொழிற்சாலைப் பழக்கத்தில் அண்ணனைக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கண்ணே. ஒரு தட்டு எத்தனை தடவை ஓடும்?"

அவருக்குப் பிடித்த கேள்வி. ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். "அது தட்டு கையில இல்ல, ஊசி கையில இருக்கு. ஊசி தேய்ஞ்சுச்சுனா அது ஊசி இல்ல, உளி. ரெண்டு மூணு தடவையிலயே பள்ளத்தை அறுத்துப் போட்டுடும். ஊசி நல்லதா இருந்து, பாரம் லேசா இருந்து, தட்டு சுத்தமா இருந்தா நூறு இருநூறு தடவை போட்டாலும் உன் காதுக்கு வித்தியாசம் தெரியாது. தூசிதான் எமன். ஊசி அந்தத் தூசியைப் பள்ளத்துக்குள்ள வச்சுத் தேய்க்கும். படுக்க வச்சு அடுக்கக் கூடாது, நிக்க வைக்கணும். ஓரத்தைத்தான் பிடிக்கணும். வெயில்ல வைக்கவே கூடாது."

"வெயில்ல வச்சா என்ன ஆகும்ணே?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். எங்களுக்கெல்லாம் தெரியும். சிம்பாங் அம்பாட்டில் ஒருவரிடமிருந்து ஆசையாக வாங்கிய பழைய தட்டு ஒன்றைப் பாடம் எடுக்கிற காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு, மாணவி பார்க்கிங் பழகி முடிக்கிற வரை மறந்துவிட்டார். அது அப்பளமாக நெளிந்துபோய் வந்தது. அண்ணி அதில் வெற்றிலை பாக்கு வைக்கலாம் என்றார்.

அந்தப் பேச்சை அண்ணன் காதில் வாங்கவில்லை. "நல்லா வச்சுக்கிட்டா மனுசனை விட அதிக நாள் இருக்கும்" என்று முடித்தார்.

"அப்புறம் ஏன் வருசத்துக்கு ஒரு தடவை? நூறு இருநூறு தடவை போடலாம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"இது ஏற்கனவே அடிபட்ட தட்டு" என்றார்.

அதுதான் விசயம். அந்தப் பாட்டின் முடிவில் ஆண்கள் பாடி நிறுத்திய பிறகு, அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் எஸ்டேட் வீட்டில் அப்பா அந்தத் தட்டை நினைத்தபோதெல்லாம் போடுவார். பெரிய மரப்பெட்டி ரேடியோகிராம், எப்போது மாற்றினது என்று தெரியாத ஊசி. அண்ணன் பள்ளியில் மேல்வகுப்புக்குப் போனதும் எங்கேயோ படித்துவிட்டு வந்து, அந்த இரைச்சல் தேய்மானம் என்று கண்டுபிடித்தார். தட்டின் உள்பக்கம் போகப் போக வட்டம் சின்னதாகுமாம், ஊசி நெருக்கடியில் ஓடுமாம், அதனால் முதலில் தேய்வது பாட்டின் கடைசிதானாம். அப்பா முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு, "ஆமாப்பா, தேஞ்சுதான் போச்சு. நெறைய போட்டுட்டோம்லா" என்று ஒத்துக்கொண்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா அப்போது அடுப்படியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

அன்றைக்குப் பிறந்ததுதான் வருசத்துக்கு ஒரு தடவை என்ற சட்டம். அப்பா காலமான பிறகு அம்மா அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார், தட்டும் கூடவே வந்தது. சட்டம் இன்னும் இறுகிப்போனது. ஒவ்வொரு கிறிஸ்மஸிலும் அந்தக் கடைசி இரைச்சல் வரும்போது அண்ணன் பல்வலிக்காரர் போல முகத்தைச் சுளிப்பார். அம்மா மட்டும் புன்னகை செய்வார். தன் பாட்டை நினைத்துச் சிரிக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஒரு வருசம் அண்ணி பதிவு செய்தார். அம்மாவின் குரல் தெளிவாக வந்தது, எதிர்வீட்டு நாய் குரைத்ததும் தெளிவாக வந்தது. ஆண்களின் அடிக்குரல் பாதிக்கு மேல் காணோம். கடைசி இரைச்சல் சுத்தமாகவே இல்லை. "பரவாயில்லையே, போனே தேய்மானத்தைச் சரிபண்ணிடுச்சு" என்றார் அண்ணி. அண்ணன் கேட்டுவிட்டு, "இது போட்டோ. அது ஆளு" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கஞ்சனாக இருந்தாலும் சில சமயம் நல்ல வார்த்தை சொல்வார்.

இதற்கிடையில் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. எதைக் கேட்டாலும் தலையாட்டிச் சிரிப்பார். "காப்பி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டால், "அவங்க போன வாரமே வந்துட்டுப் போயிட்டாங்க" என்பார். டிவியை அலற விடுவார். தாமானில் இருந்த அத்தனை வீடும் எங்கள் வீட்டு நாடகத்தை இலவசமாகக் கேட்டது. நாங்கள் அதை வைத்து வேடிக்கை பேசினோம். அம்மாவுக்கு வயசாகி அடம் வந்துவிட்டது, தனக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும் என்று நான்தான் அதிகம் கிண்டல் செய்தேன். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன வருசம் கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தட்டைக் கழுவுகிற நாள். அதற்கென்று அண்ணனிடம் சுத்திகரித்த தண்ணீர், மெல்லிய துணி, வெல்வெட் தடவிய பிரஷ் எல்லாம் உண்டு; குழந்தையைக் குளிப்பாட்ட அவ்வளவு ஏற்பாடு செய்ததில்லை என்பார் அண்ணி. அன்று பார்த்துத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தட்டை மேசை மேல் துணியில் வைத்துவிட்டு, காரை ஸ்டார்ட் செய்து, கேட்டிலிருந்து அம்மாவைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

"அம்மா, தட்டு மேசையில இருக்கு! நான் வந்து கழுவுறேன்! தொடாதீங்க!"

அம்மா தலையாட்டிச் சிரித்திருக்கிறார்.

நான் தோசை மாவு எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சிங்க் பக்கத்தில், பாத்திரம் கவிழ்க்கிற கம்பித் தட்டியில், இரண்டு சோற்றுத் தட்டுக்கு நடுவில், கறுப்பாக, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது அது.

எங்கள் வீட்டில் இசைத்தட்டை யாரும் இசைத்தட்டு என்று சொல்வதில்லை. மலாய்க்காரர்கள் அதைப் பீரிங் ஹித்தாம், கறுப்புப் பீங்கான் என்கிறார்கள். நாங்கள் வெறுமனே தட்டு என்போம். சோறு போட்டுச் சாப்பிடுவதும் தட்டு. இத்தனை வருசம் அதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

"அம்மா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அண்ணன் கழுவி வைக்கச் சொன்னான். சபுன் கொஞ்சமாத்தான் போட்டேன். நார் போடல, கையாலேயே தடவினேன். இத்தனை வருசத்துல இப்பத்தான் என்னைத் தொட விட்டிருக்கான் பாரு" என்றார்.

நான் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். தன் குரலைத் தன் கையால் தொட அந்த மனுசிக்கு இத்தனை வருசம் அனுமதி கிடைக்கவில்லை. எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது. அதே சமயம், அவர் கார் வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தேன்.

அண்ணன் தண்ணீர் போத்தலோடு வந்தார். பார்த்தார். போத்தலைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. மாணவன் லாரிக்கு நேரே காரை விடும்போதும் அவர் இப்படித்தான் இருப்பாராம், அண்ணி சொல்லியிருக்கிறார். தட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி, நீல மை கரைந்து, எழுத்தெல்லாம் போய்விட்டது.

"நான் என்னம்மா சொன்னேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா தலையாட்டிச் சிரித்தார்.

"அம்மா, நான் என்ன சொன்னேன்?" சத்தமாகக் கேட்டார்.

"ஆமா, நல்லாத்தான் கழுவினேன்" என்றார் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அடமும் இல்லை, வயசுக் குறும்பும் இல்லை. அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது.

தட்டு காய்ந்ததும் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கிறிஸ்மஸ் இன்னும் வரவில்லை. கையுறையும் போடவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தவில்லை. "சேதம் எவ்வளவுன்னு பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார். அம்மாவை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அண்ணியும் இறங்கி வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். அண்ணனுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். தட்டுக்கு என்ன ஆயிற்று என்பது பாதிதான்.

ஊசியை வைத்தார். நான் நம்பவே இல்லை. எப்போதும் வருகிற பொரபொரப்பு பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. அண்ணனின் சுத்திகரித்த தண்ணீரும் வெல்வெட் பிரஷ்ஷும் இத்தனை வருசமாகச் செய்யாததை, குழாய்த் தண்ணீரும் சபுன் நுரையும் அம்மாவின் கையும் செய்துவிட்டன. சிரித்திருப்பேன். ஆனால் அம்மாவின் முதல் வரி அப்போது ஆரம்பித்தது. கல்யாணமாகாத பெண்ணின் குரல், அத்தனை சுத்தமாக, தனியாக மேலே ஏறியது.

அம்மா ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்பா, பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

அண்ணன் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மாவின் குரல் வீடு முழுக்க நிரம்பியது, அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வருசத்துக்கு ஒரு தடவை, வருசத்துக்கு ஒரு தடவை என்று சேமித்து, தட்டைக் காப்பாற்றிவிட்டோம். கேட்க வேண்டியவரின் காதை யாரும் காப்பாற்றவில்லை.

பெண்கள் பாடினார்கள். அம்மா முகத்தில் மாற்றமில்லை. ஆண்கள் அடிக்குரலில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அம்மா நிமிர்ந்தார். கையை ஸ்பீக்கர் மேல் வைத்தார். தலையைச் சாய்த்து, உதட்டைச் சுழித்து, யாரோ கூப்பிடுவது போலக் கேட்டார். பாட்டு முடிவுக்கு வந்தது. ஆண்கள் நிறுத்தினார்கள். அந்த இரைச்சல் அடியில் இழுத்துக்கொண்டு நின்றது.

"பார்த்தியா, தேய்மானம் அப்படியே இருக்கு" என்றார் அண்ணன் என்னிடம்.

அதே நேரத்தில் அம்மா சிரித்துவிட்டு, "பார்த்தியா உங்கப்பாவை? எல்லாரும் நிறுத்தின பெறகும் இழுக்குறாரு" என்றார்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியைத் தூக்க அண்ணன் மறந்துவிட்டார். அவர் அப்படி மறந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திக் கேட்டு வாங்கிய கதை இது. உபதேசியார் வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். அப்பாவும் அப்படித்தான் அசைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரி வந்தபோது முன் வரிசையிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அப்பா பாடிவிட்டார். எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது, அதனால் எல்லாரும் நிறுத்திய பிறகும் அவர் போய்க்கொண்டே இருந்தார்.

"உபதேசியாருக்குத் தெரிஞ்சா உயிரை எடுத்துடுவாரு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றார் அம்மா. "அப்புறம் நீ வந்து தேய்ஞ்சு போச்சுன்னு சொன்னியா, அவருக்கு நிம்மதியாப் போச்சு. ஆமாப்பான்னுட்டாரு. நான் அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டு எப்படிச் சிரிச்சேன் தெரியுமா?"

உபதேசியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அப்பாவும் போய்விட்டார். அம்மா மட்டும் அந்தச் சத்தியத்தை விடாமல் வைத்திருந்திருக்கிறார். அண்ணன் கரைந்துபோன அந்தக் காகிதத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்மஸிலும் பெற்ற அப்பன் பாடும்போது பல்வலிக்காரர் போல முகம் சுளித்தவர் அவர். இதை வைத்துக் கிண்டல் செய்ய எனக்கு ஒரு வருசம் போதாது. ஆனால் அன்று முடியவில்லை.

கிறிஸ்மஸ் முடிந்ததும் அம்மாவை மலாக்கா டவுனுக்குக் கூட்டிப்போய்க் காதைப் பரிசோதித்தோம். மெல்லிய, உயரமான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். அடிச்சத்தங்கள் கொஞ்ச நாள் கூட இருக்குமாம். காது மெஷின் ஒன்று வாங்கிப் போட்டோம். அதை மாட்டிக்கொண்டு அம்மா தன் குரலை ஒரு தடவை கேட்டார். "கொசு மாதிரி இருக்கு" என்று சொல்லி மெஷினைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டார். மற்ற நேரம் எல்லாம் மெஷின் காதில்தான் இருக்கிறது. நாங்கள் அம்மாவைப் பற்றிப் பேசுவதெல்லாம் இப்போது அவருக்குக் கேட்கிறது. அது எங்களுக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது.

சட்டம் போய்விட்டது. சாயங்காலம் அண்ணன் வேலையிலிருந்து வந்து குளித்ததும் தட்டு வெளியே வரும். புது ஊசி வாங்கியிருக்கிறார், அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. மின்விசிறி ஓடும், அண்ணி வெங்காய வடை சுடுவார், நான் நடப்பேன். பாட்டு முடிந்ததும் அம்மா, "இன்னொரு தடவை" என்று விரலைக் காட்டுவார். அண்ணன் மறுபேச்சில்லாமல் போடுவார்.

போன வாரம் அப்படித்தான் ஒருநாள், ஒன்று முடிந்து, இரண்டு முடிந்து, அம்மா மறுபடியும் விரலைக் காட்டினார். அண்ணன் ஊசியைத் தூக்கினார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சுவிட்சுகளை அமுக்கி அமுக்கிக் கொல்லுகிற நான், எழுந்து போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"போதும்ணே. தேய்ஞ்சிடும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அப்பாவின் குரல் என்று இருக்கிறது அந்த ஒரு இழுப்பு மட்டும்தான். கைப்பேசியிலும் வராது, வேறு எந்தத் தட்டிலும் கிடையாது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழிக்குப் பழி வாங்கச் சரியான சந்தர்ப்பம். அவர் அதைச் செய்யவில்லை.

"தேயட்டும்லா" என்றார். "அம்மா உக்கார்ந்திருக்காங்கல்ல."

என் கையை விலக்கிவிட்டு ஊசியை இறக்கினார். அம்மாவுக்கு நாங்கள் பேசியது எதுவும் கேட்கவில்லை. மெஷின் மேசை மேல் கிடந்தது. கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டு, தன் குரல் போகிற வரை காத்திருந்தார், பெண்கள் போகிற வரை காத்திருந்தார். ஆண்கள் பாடி நிறுத்தினார்கள். அப்பா நிறுத்தவில்லை. அம்மா சத்தம் வராமல், வாயை மட்டும் அசைத்து, அவரோடு கூடவே போனார்.